திண்டுக்கல்லில் பார்க்க என்ன இருக்கிறது?

விருந்தாளியே வரக்கூடாது என்று கட்டிய இடத்தைச் சுற்றுலாத் தலமாக அறிவித்து, வாசலில் டிக்கெட்டும் கொடுத்து, ஏறி இறங்கி வருகிறவரிடம் "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? "மேல ஒண்ணுமே இல்லீங்களே" என்பார். திண்டுக்கல் மலைக்கோட்டையிலிருந்து இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் சொல்வது அதுதான். 1605இல் அங்கே கோட்டை எழுப்பிய மதுரை முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் காதில் இது விழுந்தால் மீசையைத் தடவிக்கொள்வார். வருகிறவன் நொந்துபோய்த் திரும்ப வேண்டும் என்றுதானே அவ்வளவு கல்லையும் ஆளையும் செலவழித்தார்! நானூறு வருஷத்துக்குப் பிறகும், பீரங்கியில் மருந்து இல்லாமல், மதில்மேல் ஒரு காவலாளிகூட இல்லாமல், கோட்டை தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

உலகத்தில் ஏமாற்றும் சுற்றுலாத் தலங்களுக்குப் பஞ்சமில்லை. பாரிஸில் மோனாலிசா, கோபன்ஹேகனில் கடற்கன்னி என்று வரிசையில் நின்று பார்த்துவிட்டு வருகிறவர்கள் எல்லோரும் ஒரே குரலில், "இவ்வளவு சின்னதா?" என்கிறார்கள். திண்டுக்கல்லில் அந்தக் குறைக்கு இடமில்லை. பாறை பெரிய பாறைதான். சுற்றி வந்தால் இரண்டே முக்கால் கிலோமீட்டர். உயரம் 900 அடி என்று பல வழிகாட்டிகளில் போட்டிருக்கும். கடல் மட்டத்திலிருந்தா, பஸ் ஸ்டாண்டிலிருந்தா என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

மலைக்கோட்டை என்றதும் வெளியூர்க்காரர்கள் மனதில் திருச்சி வந்து உட்கார்ந்துகொள்வது இன்னொரு சிக்கல். அங்கே படியேறினால் வழியில் தாயுமானவர், உச்சியில் பிள்ளையார், கீழே இறங்கினால் சின்னக்கடை வீதி. ஏறியதற்குப் பலன் உண்டு. இங்கே ஏறினால் முதலில் வெயில், அப்புறம் இன்னும் கொஞ்சம் வெயில். பாறையில் வெட்டிய படிகள், இருபக்கமும் வழுவழுவென்று சரியும் கல், ஒதுங்க ஒரு மரம் கிடையாது. மேலே போனால் ஒன்றிரண்டு பீரங்கி, சிப்பாய்கள் தங்கிய அறைகள், ஆயுதக் கிடங்கு, மழைத்தண்ணீர் தேங்கும் குழிகள். ஒவ்வொரு சுவரிலும் இன்னார் இன்னாரைக் காதலிக்கிறார் என்ற கல்வெட்டு. இந்தக் கல்வெட்டுகளைத் தொல்லியல் துறை இன்னும் படியெடுக்கவில்லை. உச்சியில் ஒரு கோயில் இருக்கிறது. ஆனால் அபிராமி அம்மன் என்றைக்கோ கீழே இறங்கி ஊருக்குள் குடியேறிவிட்டாள். அவ்வளவு படி ஏறி மூச்சுவாங்க வந்து நின்று கும்பிடக் கை தூக்கினால், கருவறை காலி.

சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு என்று ஒரு பழைய கிண்டலை வேலூர்க்காரர்கள் தங்கள் சொத்தாக வைத்திருக்கிறார்கள். நியாயமாகப் பார்த்தால் அவர்கள் எப்போதோ அதை எங்களுக்கு எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். வேலூர்க் கோட்டைக் கோயிலுக்கு 1981இல் ஜலகண்டேஸ்வரர் திரும்பி வந்துவிட்டார். அகழியிலும் தண்ணீர் கிடக்கிறது. எங்களுக்கு மூன்றும் இன்னும் பாக்கி. குடகனாற்றை வந்து பார்க்காதவர்கள் எங்கள் பேச்சை அப்படியே நம்பலாம்.

சரி, இந்தப் பாறைக்கு முதலில் வந்து ஏமாந்தவர் யார்? நாயக்கர் காலத்தின் கடைசியில் கதை சூடு பிடிக்கிறது. திருச்சியில் ராணி மீனாட்சி. திண்டுக்கல் பக்கம் அவளுக்குப் போட்டியாக வங்காரு திருமலை. இடையில் ஆர்க்காட்டிலிருந்து வந்தார் சந்தா சாகிப். சத்தியம் செய்வதில் அவருக்கு இருந்த தாராளம் அதைக் காப்பாற்றுவதில் இல்லை என்பது ராணிக்கு ரொம்பத் தாமதமாகத் தெரிந்தது. 1736 வாக்கில் அவருடைய படை திண்டுக்கல் பக்கம் இறங்கியது. அம்மையநாயக்கனூரில் சண்டை நடந்தது. அந்த ஊரின் ரயில் நிலையத்துக்கு இன்றைக்குப் பெயர் கொடைக்கானல் ரோடு. அந்த ஸ்டேஷனில் இறங்கிக் குளிருக்குச் சால்வை போர்த்திக்கொள்கிற யாருக்கும், காலுக்கடியில் ஒரு ராஜ்யம் கவிழ்ந்த கதை தெரியாது. தெரிந்தாலும் டாக்சி வாடகை குறையப்போவதில்லை.

1742இல் கோட்டை மைசூர்க்காரர்கள் கைக்குப் போனது. 1755இல் அங்கே ஃபவுஜ்தாராக வந்து சேர்ந்தார் ஒருவர். இந்தச் சரித்திரத்தில் திண்டுக்கல்லுக்கு வந்து ஏமாறாமல், அதற்குப் பதிலாகப் பிறரை ஏமாற்றிவிட்டுப் போன மகா மேதை அவர்தான். ஹைதர் அலி.

சுற்றுவட்டாரப் பாளையக்காரர்கள் கப்பம் கட்ட மறுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை அடக்க வந்த ஹைதருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கணக்கு வரும். எழுதுகிற வேலைக்குக் காண்டே ராவ் என்று ஒரு கணக்கர் இருந்தார்; அவர் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் உட்கார்ந்துகொண்டு, திண்டுக்கல்லில் ஐயா சாதித்துக்கொண்டிருக்கும் அற்புதங்களை அரண்மனைக் காதுகளில் ஊற்றிக்கொண்டிருந்தார். மைசூர் வரலாற்றை எழுதிய மார்க் வில்க்ஸ் இந்த அற்புதங்களில் இரண்டைப் பதிவு செய்திருக்கிறார். சண்டையில் காயம்பட்ட சிப்பாய்க்குப் புண் ஆறும்வரை அரசாங்கம் மாதாமாதம் படி கொடுக்கும். ஒரு சண்டை முடிந்ததும் காயம்பட்டவர்களைப் பார்வையிட அதிகாரி வந்தார். நிஜமாகக் காயம்பட்டவர்கள் 67 பேர். அதிகாரியின் முன்னால் மஞ்சள் துணியில் கட்டுப் போட்டுக்கொண்டு முனகியவர்களோ 700 பேர். கையில் கட்டு, காலில் கட்டு, தலையில் கட்டு. அன்றைக்குத் திண்டுக்கல் சந்தையில் மஞ்சள் என்ன விலைக்குப் போயிருக்கும் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு.

இரண்டாவது அற்புதம் அதைவிட எளிமையானது. சம்பளத்துக்காகப் படையை எண்ண ஆள் வந்தபோது, எண்ணி முடிந்தவர்கள் ஒரு சுற்றுச் சுற்றி வந்து மறுபடியும் வரிசையில் நின்றுகொண்டார்கள். 10,000 பேர் 18,000 பேராகக் கணக்கில் ஏறினார்கள். எண்ணியவருக்குச் சந்தேகமே வரவில்லையா, வந்ததற்கும் ஏதாவது விலை இருந்ததா என்பதை வில்க்ஸ் சொல்லாவிட்டாலும், அரசாங்க ஆபீஸ் படியேறிய யாருக்கும் பதில் தெரியும்.

இப்படிச் சேர்த்த பணத்தில்தான் பாறையடியில் ஆயுதசாலை வந்தது, பிரெஞ்சுக்காரத் தொழில்நுட்ப ஆட்கள் வந்தார்கள், பீரங்கி வந்தது. சில வருஷத்தில் மைசூரே அவர் கைக்குள் வந்தது. வழியில் எதிரியாக மாறிப்போன காண்டே ராவ் பிடிபட்டபோது, "அவரைக் கிளிப்பிள்ளைபோல வைத்துக் காப்பாற்றுகிறேன்" என்று வாக்குக் கொடுத்தாராம் ஹைதர். கொடுத்த வாக்கை எழுத்துப் பிசகாமல் காப்பாற்றினார்: இரும்புக் கூண்டு, பாலும் சோறும். திண்டுக்கல்லில் பயிற்சி எடுத்தவரிடம் வார்த்தையை விளக்கமாக வாங்கிக்கொள்ளாதது கணக்கரின் பிழை.

இதில் எங்கள் ஊருக்கு ஒரு சின்ன வருத்தம் உண்டு. ஒரு சாம்ராஜ்யத்துக்கு முதல் போட்டது நாங்கள். தலைநகராகப் பெயர் வாங்கியது ஸ்ரீரங்கப்பட்டணம். அங்கே தோட்டம், மாளிகை, ஓவியச்சுவர் எல்லாம் இருக்கின்றன. பயணிகள் பஸ் பஸ்ஸாக இறங்குகிறார்கள். ஹைதர் குடும்பத்திலிருந்து இங்கேயே தங்கிவிட்டது அவர் தங்கை அமீருன்னிசா பேகம் மட்டும்தான். அவர் அடக்கமாகியிருக்கும் இடம் பேகம்பூர். அந்தப் பெரிய பள்ளிவாசலைக் கடந்து தினமும் ஆயிரம் பேர் போகிறார்கள், பெரும்பாலும் பிரியாணி சாப்பிட.

சிவகங்கை ராணி வேலு நாச்சியார் கதையில் கிண்டலுக்கு இடம் குறைவு. 1772இல் காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதரைக் கம்பெனிப் படை கொன்றபின், மகளோடு தப்பி விருப்பாச்சிக்கு வந்தார். ஆனால் அவர் காத்திருந்த விதத்தில், இந்த மாவட்டத்தில் மனு கொடுத்த எவருக்கும் பழக்கமான ஒன்று இருக்கிறது. படை உதவி கேட்டுப் பிரதானி தாண்டவராயன் பிள்ளை ஹைதருக்குக் கடிதம் எழுதியது அதே வருஷம் டிசம்பரில். கேட்டது 5,000 குதிரைப்படை, 5,000 காலாட்படை. பதில் காரியமாக வருவதற்குள் மனு எழுதிய பிரதானியே காலமாகிவிட்டார். ராணி விடவில்லை. திண்டுக்கல் கோட்டையில் ஹைதரை நேரில் பார்த்து அவருடைய மொழியிலேயே உருதில் பேசினார் என்பார்கள். ஒருவழியாக 1780இல் படையோடு போய்ச் சிவகங்கையை மீட்டார். எட்டு வருஷம் தங்கியிருந்தும், திண்டுக்கல்லைச் சுற்றிப் பார்க்க வந்ததாக அவர் எங்கேயும் சொல்லவில்லை.

வெள்ளைக்காரர்கள் இந்தக் கோட்டையை வாங்கிய விதம்தான் வேடிக்கை. முதல் மைசூர்ப் போரில் பிடித்தார்கள். 1768 முடிவதற்குள் ஹைதர் திருப்பி வாங்கிக்கொண்டார். 1783இல் மறுபடி பிடித்தார்கள். 1784இல் மங்களூர் உடன்படிக்கையில் திப்புவிடம் திருப்பிக் கொடுத்தார்கள். நகைக்கடையில் வளையலை எடுப்பதும் வைப்பதுமாக நிற்கும் வாடிக்கையாளர்போல இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டினார்கள். 1790 ஆகஸ்டில் கர்னல் ஸ்டூவர்ட் வந்து குண்டு போட்டார். கையிருப்புக் குண்டு தீரப்போகிற நிலை. மதிலில் சரியாக ஓட்டைகூட விழாத நிலையில், 21ஆம் தேதி மாலை ஏறித் தாக்கியவர்கள் அடிவாங்கி இறங்கினார்கள். கோட்டை மறுபடியும் தன் வேலையைச் செய்தது. ஆனால் விடிந்து பார்த்தால் மேலே வெள்ளைக்கொடி! உள்ளே இருந்த காவல்படையில் பலர் இரவோடு இரவாக நழுவிவிட்டிருந்தார்கள். பாறைமேல் ஒரு வாரம் தங்கினால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும் என்பது என் கருத்து. ராணுவ ஆய்வாளர்கள் வேறு காரணம் சொல்லலாம். 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திண்டுக்கல் ஒரேயடியாகக் கம்பெனிக்குப் போனது.

வாங்கியவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. இங்கேதான் அமெரிக்கர்கள் வருகிறார்கள்.

1834இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷன், அடுத்த வருஷமே திண்டுக்கல்லிலும் ஒரு நிலையம் போட்டது. சமவெளி வெயிலும் காலராவும் பாதிரிமார் குடும்பங்களை ஒவ்வொன்றாகக் கொண்டுபோயின. பிள்ளைகளையும் மனைவிமாரையும் பறிகொடுத்தவர்கள் குளிர்ந்த இடம் தேடி முதலில் நிமிர்ந்து பார்த்தது, ஊருக்குப் பக்கத்திலேயே நிற்கும் சிறுமலையை. நியாயமான தேர்வு. கைக்கெட்டும் தூரம், பச்சை, வாழைத்தோட்டம். அங்கே தங்க இடம் கட்டிப் பார்த்தார்கள். சிறுமலையில் அவர்களை வரவேற்க மலைக்காய்ச்சல் தயாராக இருந்தது. திண்டுக்கல் வட்டாரத்தில் எனக்குத் தெரிந்து முதன்முதலாக உல்லாசவாசத்துக்கென்றே போய், மனம் நொந்து இறங்கிய கூட்டம் இதுதான். இறங்கியவர்கள் மேற்கே திரும்பி, பழனி மலைத்தொடரின் மேல் இன்னும் உயரமாக ஓர் இடம் பிடித்தார்கள். 1845இல் அங்கே இரண்டு பங்களா எழும்பியது: சன்னிசைடு, ஷெல்டன். அந்த இடத்துக்குப் பெயர் கொடைக்கானல்.

ஆக, கொடைக்கானலைக் கண்டுபிடித்தது சிறுமலைக் கொசு. ஏரிக்கரையில் அந்தக் கொசுவுக்கு ஒரு சிலை வைத்தாலும் தப்பில்லை.

அன்றிலிருந்து திண்டுக்கல் சமவெளிக்கு ஒரே ஒரு வேலைதான்: கொடைக்கானலுக்குப் போகிறவர்களுக்கு வழிவிடுவது. 1875இல் ரயில் வந்தது. அம்மையநாயக்கனூரில் இறங்கிய துரைகளும் துரைசானிகளும் ராத்திரி முழுக்க மாட்டுவண்டியில் குலுங்கி மலையடிவாரம் போய், அங்கிருந்து மட்டக்குதிரையிலோ, நாலு கூலிகள் தோளில் தூக்கிய நாற்காலியிலோ ஏறினார்கள். வியர்வை சமவெளிக்காரனுடையது, குளிர் துரையுடையது. முதல் உலகப் போர்க் காலத்தில் மேஜர் லாவின் பெயரால் மலைச்சாலை வந்ததும் தூக்குகிற வேலையும் போனது. மோட்டார்கள் புழுதி கிளப்பிக்கொண்டு நிற்காமல் போயின.

அதே நேரத்தில், ஒருவரும் வந்து பார்க்காத இந்த ஊரின் பெயர் லண்டனில் புகைந்துகொண்டிருந்தது. இங்கே விளைந்த புகையிலைக்கு அங்கே நல்ல பேர். ஸ்ட்ராண்ட் வீதியிலிருந்த ஒரு சுருட்டுக் கடை, 'ஃப்ளோர் டி திண்டிகல்' என்று ஸ்பானிஷ் பாணியில் பெயர் வைத்து விளம்பரம் செய்து விற்றது. கியூபாவின் ஏதோ ஒரு சொர்க்கத்தீவு என்று நினைத்துப் புகைத்த கனவான்கள் எத்தனை பேரோ! அவர்களில் ஒருவர் டிக்கெட் வாங்கிக் கப்பலேறி வந்து, ஆனி மாத மத்தியானத்தில் எங்கள் ஸ்டேஷனில் இறங்கியிருந்தால் அந்தக் கடைக்குப் பெரிய வழக்கு வந்திருக்கும். நல்லவேளை, புகையோடு நின்றது.

சுதந்திரத்துக்குப் பிறகு வெளியூர்க்காரர்கள் இங்கே கூட்டம் கூட்டமாக வந்து, அறை கிடைக்காமல் தவித்தது 1973 மே மாதத்தில். நாடாளுமன்ற இடைத்தேர்தல். எம்.ஜி.ஆர். புதிதாகத் தொடங்கிய கட்சிக்கு அதுதான் முதல் பரீட்சை. இரட்டை இலையில் நின்ற மாயத்தேவர் ஜெயித்தார். கோட்டையில் இருந்த ஆளுங்கட்சி மூன்றாவது இடத்துக்குப் போனது. எந்தக் கோட்டை என்று கேட்காதீர்கள். சென்னையில் இருக்கிறதே, கடல் காற்று வீசுகிற கோட்டை, அது.

ஆனால் சுற்றுலாத் துறையில் திண்டுக்கல்லின் உண்மையான வெற்றி 1985 செப்டம்பர் 15 அன்று கிடைத்தது. மதுரையைப் பிரித்துத் தனி மாவட்டம் போட்டார்கள். காயிதே மில்லத், மன்னர் திருமலை, அண்ணா என்று யார் யார் பெயரையோ முன்னும் பின்னும் ஒட்டிப் பார்த்து, 1997இல் எல்லாவற்றையும் உரித்து வெறும் திண்டுக்கல் ஆக்கினார்கள். அது கிடக்கட்டும். முக்கியமான விஷயம், பழனியும் கொடைக்கானலும் மாவட்ட எல்லைக்குள் வந்துவிட்டன. தைப்பூசத்துக்குப் பாதயாத்திரை போகும் அத்தனை பேரும், கோடையில் குணா குகையைப் பார்க்கப் போகும் அத்தனை கார்களும் ஒரே இரவில் எங்கள் சுற்றுலாப் பயணிகள் ஆனார்கள். பஸ் ஸ்டாண்டில் பஸ் மாற இறங்கி, ஒரு டீ குடித்து, போகும்போது ஒருதரம், திரும்பி வரும்போது ஒருதரம் என்று எங்களைக் கடந்து போகிறார்கள். ஹைதர் அலி இருந்திருந்தால் இந்த எண்ணிக்கையை எப்படி எழுதுவது என்று ஆலோசனை சொல்லியிருப்பார்.

சமீப வருஷங்களில் ஒரு திருப்பம். கீழே இறங்குகிறவர்கள் நிற்கிறார்கள். காரணம் பாறை அல்ல, சீரகச் சம்பா. 1957இல் நாகசாமி நாயுடு என்பவர் ஆனந்த விலாஸ் என்று ஒரு பிரியாணி ஓட்டல் திறந்தார். தலையில் எப்போதும் தலப்பா. அந்தத் தலப்பாவே கடைக்குப் பெயராகி, ஊர் ஊராகக் கிளை விட்டு, அந்தப் பெயருக்காகக் கோர்ட் வரை சண்டையும் நடந்தது. முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் கோட்டைக்காக ஒரு வழக்கும் கிடையாது, நாலு போர்தான். எதற்கு மதிப்பு அதிகம் என்பதை வாசகர் தீர்மானிக்கலாம்.

பிரியாணி சாப்பிட்டவருக்குக் கொஞ்சம் கண் சொருகும். அப்போது அவர் மனைவி, "இவ்வளவு தூரம் வந்தாச்சு, பார்க்க என்ன இருக்கு?" என்று கேட்பார். இதுதான் திண்டுக்கல்காரர்கள் பயப்படும் நேரம். பூட்டைக் காட்டலாம்தான். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு. மாங்காய்ப் பூட்டு, மாற்றுச் சாவி போட்டால் மணியடிக்கும் பூட்டு எல்லாம் கைவேலை. ஆனால் பூட்டை எவ்வளவு நேரம் பார்ப்பது? ஆத்தூர் காமராஜர் அணைக்கு அனுப்பலாம். மழை ஏமாற்றிய வருஷமாக இருந்தால் அணையின் அடித்தளத்தைத் தெளிவாகப் பார்க்கலாம். பொறியியல் மாணவர்களுக்கு உபயோகம். மலைக்கோட்டைக்கு அனுப்பலாம், மத்தியானம் இரண்டு மணி, வயிறு நிறைய பிரியாணி. அதற்கு மனசாட்சி இடம் கொடுக்காது.

எங்களிடம் ஒளித்துவைத்த சீட்டு ஒன்று இருக்கிறது. கரூர் ரோட்டில் கொஞ்ச தூரத்தில் தாடிக்கொம்பு. சௌந்தரராஜப் பெருமாள் கோயில். நாயக்கர் காலத்துச் சிற்பத் தூண்கள் ஒவ்வொன்றும் ஆளுயரத்துக்கு மேல். நரம்பும் நகமும் எண்ணலாம், கல் என்பதை மறந்து கையை நீட்டுவோம். சமவெளியில் இப்படி ஒன்று இருப்பது மதுரை மீனாட்சி கோயிலைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்குக்கூட ஆச்சரியமாக இருக்கும். சந்தா சாகிபிலிருந்து கர்னல் ஸ்டூவர்ட் வரை இத்தனை பேர் பாறையையே முறைத்துக்கொண்டிருந்ததில், பக்கத்திலிருந்த இதை யாரும் முற்றுகை இடவில்லை. அதனால்தான் முழுசாக இருக்கிறதோ என்னவோ.

அங்கே அனுப்பிவைத்தவர்கள் ஒரு மணி நேரத்தில் திரும்பி வருவார்கள். முகத்தில் நிஜமான சந்தோஷம் தெரியும். "ரொம்ப நல்லா இருந்துச்சுங்க, இதைப் பத்தி யாருமே சொல்லலையே" என்பார்கள். எங்களுக்கும் பெருமையில் நெஞ்சு நிமிரும். வேறு எங்கெல்லாம் அனுப்பலாம் என்று யோசித்து வாயைத் திறப்பதற்குள் அவர்களே அடுத்த கேள்வியைக் கேட்டுவிடுவார்கள்.

"கொடைக்கானலுக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்குங்க?"